ராஜ்தூத் 350: இடது 1.95, வலது 1.50. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் எவ்வளவு விடணும்?

கூடலூர்க்காரன் (தேனி மாவட்டம்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ராஜ்தூத் 350 (ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் பைக்) இன்ஜினோட மேல்பாதியைப் பிரிச்சு வச்சிருக்கேன். பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்.

பிரிக்கக் காரணம்: லோயர்கேம்ப்ல இருந்து குமுளி ஏற்றத்துல மூணாவது கியர்ல முறுக்கினா தகர டப்பாவுக்குள்ள கல்லை உருட்டுற மாதிரி சத்தம். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தா இடது பிஸ்டன் விளிம்பு கரையான் அரிச்ச மாதிரி பொடிப்பொடியாப் போயிருக்கு. வலது பிஸ்டன் பரவாயில்லை.

இப்போ ரெண்டு பக்கமும் பேரலோட (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) உள்விட்டத்தை 64.50 மிமீக்கு ரீபோர் போட்டாச்சு. ஒரே கம்பெனி பிஸ்டன்தான் ரெண்டும். வலது பேரலோட மேல்முகம் வளைஞ்சிருக்குன்னு லேத்துல ஃபேஸிங் அடிச்சாங்க (சீவிச் சமமாக்கினாங்க). அடியில ரெண்டு பக்கமும் 0.5 மிமீ பேக்கிங் தாள் ஒவ்வொண்ணு.

2.2 மிமீ சால்டர் கம்பியை பிஸ்டன் தலைமேல முன்னாலருந்து பின்னால போற மாதிரி வச்சு, ஹெட்டை இறுக்கி, கிராங்கைச் சுத்தி எடுத்த அளவு:

இடது: முன் 1.80, பின் 2.10
வலது: முன் 1.35, பின் 1.65

சராசரி எடுத்தா இடது 1.95, வலது 1.50. இடதுபக்க அடிப் பேக்கிங்கை மட்டும் 0.5-ல இருந்து 0.1 தாளா மாத்தினா ரெண்டும் சமமாயிடும்னு நினைக்கிறேன். சரியா? இன்னொண்ணு, இங்க ஒரு மெக்கானிக், "கேப் ஜாஸ்தி இருந்தாத்தான் கம்ப்ரஷன் குறையும், தட்டாது, அப்படியே விடு"ங்கிறார். எதை நம்புறது?

---

கொழிஞ்சாம்பாறை லேத்

முதல்ல அளவைத் திருப்பி எடுங்க. இந்த நாலு நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதுங்க.

முன்னும் பின்னும் 0.30 வித்தியாசம் வருதுன்னா ஹெட் கோணல்னு அர்த்தமில்லை. பிஸ்டன் பின்னை அச்சா வச்சு பிஸ்டன் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். கம்பி நசுங்குற விசையே அதைச் சாய்ச்சுடும். அதனால கம்பியை எப்பவும் பிஸ்டன் பின் போற திசையில, அதாவது இடமும் வலமுமா வைக்கணும். அந்தத் திசையில பிஸ்டன் சாய முடியாது.

ஒரு பக்கம் மட்டும் வைக்காதீங்க. ரெண்டு துண்டு வெட்டி, ரெண்டு ஓரத்துலயும் ஒரே நேரத்துல, வெளிமுனை பேரல் சுவரைத் தொடுற மாதிரி கிரீஸ் தொட்டு ஒட்டுங்க.

அடுத்தது கம்பியோட தடிமன். 2.10 இருக்குற இடத்துல 2.2 மிமீ கம்பி வெறும் 0.10 தான் நசுங்குது. அது நசுங்குச்சா, வளைஞ்சு படுத்துக்கிச்சான்னு உங்களுக்கே தெரியாது. எதிர்பார்க்குற இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு தடிமன் இருந்தா நல்லது. 3 மிமீ கிடைக்கலைன்னா 1.6 மிமீ கம்பி ரெண்டை முறுக்கிக்குங்க. அதுக்காக ரொம்பத் தடியாவும் போகாதீங்க. நசுக்குற பாரத்துல பிக் எண்ட் (கனெக்டிங் ராடோட கிராங்க் பக்க முனை) பேரிங்ல இருக்குற லூசு எல்லாம் கீழ உக்காந்து, இருக்கறதை விடக் கூடுதலா அளவு காட்டும். ஈயம் கலந்த மெதுவான சால்டர்தான் வேணும். ஈயமில்லாத கம்பி கடினமா இருக்கும்.

ஹெட் பேக்கிங் புதுசா இருந்தா அதை வீணாக்காதீங்க, ஏற்கெனவே இறுகின பழசைப் போட்டே அளக்கலாம். ஆனா ஹெட் நட்டு நாலையும் குறுக்குக் குறுக்கா, டார்க் ரெஞ்சுல (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) முழு இறுக்கம் இறுக்கணும். கையிறுக்கத்துல அளந்தா 0.1 வரைக்கும் பொய் சொல்லும். கிக்கரை உதைக்காதீங்க. கிராங்க் முனை நட்டுல ஸ்பேனர் போட்டு மெதுவா டாப் டெட் சென்டரை (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) ஒரே ஒரு தடவை தாண்டுங்க.

நசுங்கின துண்டை மைக்ரோமீட்டர்ல மூணு இடத்துல அளங்க: வெளிமுனை, நடு, உள்முனை. வெளிமுனைதான் உங்க இடைவெளி. மத்த ரெண்டும் ஹெட்டோட சரிவும் பிஸ்டன் தலையோட சரிவும் ஒத்துப்போகுதான்னு சொல்லும்.

---

வண்டிப்பெரியார் 2டி

லேத்து அண்ணன் சொன்னபடி அளந்துட்டு வாங்க. அதுக்குள்ள உங்க அடிப் பேக்கிங் யோசனையைப் பத்தி: வேண்டாம்.

நாலு ஸ்ட்ரோக் வண்டியில பேரலை ஏத்தினாலும் இறக்கினாலும் மாறுவது பெரும்பாலும் கம்ப்ரஷன்தான். டூ ஸ்ட்ரோக்கான இதுல பேரல்ல ஓட்டை (போர்ட்) இருக்கு, அந்த ஓட்டைதான் வால்வு. பேரலை 0.4 இறக்கினா போர்ட் எல்லாம் 0.4 இறங்கும். இதோட ஸ்ட்ரோக் 54 மிமீ. எக்ஸாஸ்ட் (புகை வெளிய போற போர்ட்) திறக்குற இடத்துல கிராங்க் ஒரு டிகிரி சுத்தினா பிஸ்டன் சுமார் 0.47 மிமீ நகரும். அப்போ 0.4-க்கு, திறக்குறதுல ஒரு பங்கு மூடுறதுல ஒரு பங்கு சேர்த்து, எக்ஸாஸ்ட் நேரம் ஏறத்தாழ 1.7 டிகிரி குறையும். டிரான்ஸ்ஃபர் (புதுக் கலவை உள்ள வர்ற போர்ட்) இன்னும் கொஞ்சம் கூட, 2 டிகிரிக்கு மேல. ஒரு சிலிண்டர் வண்டின்னா இதைக் கண்டுக்காம விட்டுடலாம். இரட்டையில இடது ஒரு டைமிங், வலது ஒரு டைமிங்னு ஓடினா கார்ப் (கார்புரேட்டர்) ரெண்டையும் என்ன ட்யூன் பண்ணினாலும் ஒத்து நிக்காது.

இடைவெளி ஏன் வேறயா இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க. பேரல் ரெண்டையும் சமதளக் கல்லுல நிறுத்தி, அடிமுகத்துல இருந்து மேல்முகம் வரை உயரம் பாருங்க. அப்புறம் அடிமுகத்துல இருந்து எக்ஸாஸ்ட் போர்ட் மேல்விளிம்பு வரை பாருங்க. ரெண்டாவது அளவு ரெண்டு பேரலுக்கும் ஒண்ணா இருந்து, முதல் அளவு மட்டும் வேறன்னா, மேல்முகத்தை மட்டும்தான் சீவியிருக்காங்க. போர்ட் எதுவும் நகரலை. அப்போ அடியில கை வைக்கவே கூடாது, ஹெட்லதான் சரி பண்ணணும்.

"கேப் ஜாஸ்தி விட்டா தட்டாது"ங்கிற பேச்சு: உங்க இடது பிஸ்டனே அதுக்குப் பதில் சொல்லிடுச்சு. அவ்வளவு கேப் இருந்தும்தானே அரிச்சிருக்கு?

2 மிமீ கேப்புங்கிறது ரெண்டுங்கெட்டான். ஹெட்டோட ஓரத்துல இருக்குற அந்தத் தட்டையான வளையம் சும்மா இல்லை. பிஸ்டன் மேல வரும்போது ஓரத்துல இருக்குற கலவையைப் பிதுக்கி நடுவுல பிளக்கு பக்கம் தள்ளணும். மிச்சம் நிக்கிற மெல்லிய படலம் ரெண்டு பக்கத்து உலோகத்தையும் தொட்டுக் குளிர்ந்து கிடக்கும், தானாப் பத்தாது. கேப் 2 மிமீ ஆனா அங்க தாராளமாக் கலவை நிக்கும். ஓரம்ங்கிறதால தீ கடைசியாத்தான் வந்து சேரும். அதுக்குள்ள அழுத்தமும் சூடும் ஏறி அது தானா வெடிக்கும். அந்தக் கல்லு உருட்டுற சத்தம் அதுதான். கம்ப்ரஷன் குறைச்சலா இருந்தும் தட்டும்.

1.0 வச்சுப் பூட்டுங்க.

---

கூடலூர்க்காரன்

சொன்னபடி செஞ்சேன். 1.6 கம்பி ரெண்டை முறுக்கி, பின் திசையில ரெண்டு ஓரத்துலயும் வச்சது:

இடது சிலிண்டர்: 1.92 / 1.94
வலது சிலிண்டர்: 1.48 / 1.49

வலது பேரல் உயரம் 0.40 குறைச்சல். எக்ஸாஸ்ட் மேல்விளிம்பு உயரம் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆக மேல்முகத்தை மட்டும்தான் சீவியிருக்காங்க. அடிப் பேக்கிங் யோசனையைக் கைவிட்டாச்சு.

பியூரெட் ஒண்ணு பள்ளிக்கூட லேப்ல இரவல் வாங்கி, ஹெட் பூட்டின நிலையிலயே கொள்ளளவும் பார்த்தேன். மண்ணெண்ணெய்ல கொஞ்சம் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து, ரிங் ஓரம் கிரீஸ் அடைச்சு, பிளக் ஓட்டை நேரா மேல பார்க்குற மாதிரி இன்ஜினைச் சாய்ச்சு, கீழ்மரை தொடுற வரைக்கும் ஊத்தினது: இடது 22.0 சிசி, வலது 20.7 சிசி.

நோக்கம் 1.0-ன்னா இடது ஹெட்டுல 0.93-ம் வலதுல 0.48-ம் எடுக்கணும், சரிதானே?

---

செங்கோட்டை ரெண்டாங்கியர்

அவசரப்படாதீங்க தம்பி. 1.0 தப்பில்ல, ஆனா அது நல்ல கிராங்குக்கு. நீங்க மேல்பாதி மட்டும்தான் பிரிச்சிருக்கீங்க, கீழ்பாதியோட நிலைமை தெரியாது.

நின்ன இடத்துல சால்டர்ல எடுத்த 1.0, ஓடும்போது 1.0 இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. 7500 ஆர்பிஎம், ஸ்ட்ரோக் 54, கனெக்டிங் ராடு நீளம் 110 மிமீ. டாப்ல பிஸ்டன் திரும்புற இடத்துல முடுக்கம் சுமார் 20,700 மீட்டர்/வினாடி². பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 250 கிராம்னு வச்சா, 530 கிலோ பாரம் ராடைப் பிடிச்சு மேல இழுக்கற மாதிரி. பிக் எண்ட் லூசு, மெயின் பேரிங் லூசு, கிராங்க் வளையறது எல்லாம் ஒரே திசையில சேரும், பிஸ்டன் ஹெட்டைப் பார்த்துப் போகும்.

இதுல பலபேர் யோசிக்காத ஒண்ணு. ஏத்தத்துல முறுக்கும்போது உள்ள எரியற கேஸ் அழுத்தம் பிஸ்டனைக் கீழ தள்ளிக்கிட்டு இருக்கும். அது பரவாயில்ல. குமுளில இருந்து இறங்கும்போது, திராட்டிலை முழுசா மூடி ரெண்டாங்கியர்ல இன்ஜின் பிரேக் பிடிச்சு இறங்குவீங்க பாருங்க, அப்போ ஆர்பிஎம் மேல நிக்கும், உள்ள அழுத்தம் பெருசா இருக்காது. பிஸ்டனைத் தடுக்க ஆளில்ல. ஹெட்டை முத்தம் கொடுக்குறது அந்த இறக்கத்துலதான். இடைவெளி பத்தலைன்னா பிஸ்டன் தலை ஓரத்துல கரி ஒட்டாம பளபளன்னு ஒரு பிறை மாதிரித் தெரியும். அதைப் பார்த்தா உடனே கிளியரன்ஸைக் கூட்டணும்.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடி:

ராடு சின்ன முனையைப் பிடிச்சு நேரா மேலயும் கீழயும் இழுங்க. துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. "கொஞ்சமா இருக்கு"ங்கிற பேச்சே இல்ல, இருந்தா கிராங்கைப் பிரிங்க. பக்கவாட்டுல சின்ன முனை ஆட்டம் புது ராடுல 0.8 முதல் 1.0 மிமீ இருக்கும். 2 மிமீ தாண்டினா பிக் எண்ட் தேஞ்சாச்சு. கிராங்க் முனையில டயல் கேஜ் வச்சு ரன் அவுட் (சுத்தும்போது வர்ற கோணல்) 0.05-க்குள்ள வருதான்னும் பார்த்துடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா 1.2. ரோட்டுல ஓடற வண்டிக்கு, மலை ஏறி இறங்குற வண்டிக்கு அது போதும். 1.0-க்கும் 1.2-க்கும் நடுவுல கிடைக்குற சக்தி உங்க காதுக்குக் கூடத் தெரியாது, ஹெட்டுல முட்டின பிஸ்டனோட சத்தம் ஊருக்கே கேட்கும். ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல வித்தியாசம் 0.05-க்குள்ள இருக்கட்டும்.

---

வண்டிப்பெரியார் 2டி

ஒத்துக்கறேன். கிராங்க் பிரிக்காத இன்ஜின்னா 1.2 தான். நான் புது கிராங்க்னு நினைச்சுட்டேன்.

---

கொழிஞ்சாம்பாறை லேத்

சரி, 1.2-ன்னு வச்சுக்கலாம்ங்க. இடதுல 0.73, வலதுல 0.28 எடுக்கணும். ஆனா ஹெட் முகத்தை மட்டும் சீவிட்டு வந்தீங்கன்னா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கும்.

64.50 போருக்குப் பரப்பு 3267 சதுர மிமீ. அதாவது ஒவ்வொரு 0.1 மிமீக்கும் 0.33 சிசி. 0.73 எடுத்தா இடது 22.0-ல இருந்து 19.6 சிசிக்கு வந்துடும். ஒரு சிலிண்டரோட முழு ஸ்ட்ரோக் கொள்ளளவு இப்போ 176.4 சிசி. 22.0 சிசில முழு ஸ்ட்ரோக் விகிதம் 9.0. 19.6-ல அது 10.0. இந்த வண்டியோட மேனுவல்ல போட்டிருக்குற விகிதம் எக்ஸாஸ்ட் மூடினதுக்கு அப்புறம் கணக்குப் பண்ணினது, அதோட இதை ஒப்பிட்டுக் குழம்பாதீங்க. ஒரு முழு எண் ஏறுதுங்கிறதுதான் விஷயம். ஓரத்தைச் சரி பண்ணி தட்டலை நிறுத்திட்டு, கம்ப்ரஷனை ஏத்தி மறுபடியும் தட்ட வைக்கிற வேலை அது.

அதனால ரெண்டு கட்டமாச் செய்யணும். முதல்ல முகம் சீவி இடைவெளியைக் கொண்டு வாங்க. அப்புறம் நடுவுல இருக்குற கிண்ணத்தை மட்டும் கடைஞ்சு ரெண்டு பக்கமும் 21.5 சிசிக்கு ஏத்துங்க. விகிதம் 9.2 வரும். ஓர வளையத்துல கத்தி படவே கூடாது. வளையம் 9-ல இருந்து 9.5 மிமீ அகலம் மிஞ்சினா போர் பரப்புல ஏறக்குறைய பாதி, அது போதும்.

லேத்துல எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க. ஹெட்டோட ஃபின்னை (குளிரவைக்குற தகடு) லேத்துச் சக்குல கவ்வினா ஃபின் உடையும், முகமும் கோணும். 14 மிமீ, 1.25 பிட்ச் மரை போட்ட ஒரு மேண்ட்ரல் (பிடிமானத் தண்டு) கடைஞ்சு, ஹெட்டை பிளக் ஓட்டை வழியா அதுல திருகிப் பிடிக்கணும். அப்போ முகம், வளையம், கிண்ணம் மூணும் ஒரே மையத்துல வரும். முதல் வெட்டு 0.05 தான். சுத்தி எல்லா இடத்துலயும் பட்டுச்சுன்னா ஹெட் நேரா இருக்கு. ஒரு ஓரம் மட்டும் பட்டா ஹெட் வளைஞ்சிருந்திருக்கு, அதையும் கணக்குல சேர்த்துக்குங்க.

0.73-ஐ ஒரே நாள்ல எடுத்துடாதீங்க. 0.60 எடுத்து, பூட்டி, சால்டர் வச்சுப் பார்த்து, மிச்சத்தை எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட வைக்க எந்த லேத்துலயும் மெஷின் இல்லைங்க.

அதிகம் பேர் தவற விடுற ஒரு இடம். வளையம் சரிவா இருக்குறதால, முகத்தைச் சீவச் சீவ அந்தக் குழியோட வாய் விட்டம் சுருங்கும். நீங்க போரையும் 64.00-ல இருந்து 64.50 ஆக்கியாச்சு. கடைசில வாய் விட்டம் போரை விடக் குறைஞ்சா, பிஸ்டன் விளிம்புக்கு நேர் மேல ஹெட்டோட விளிம்பு துருத்திக்கிட்டு நிக்கும். சால்டர்ல சரியாக் காட்டினாலும் அங்க பிஸ்டன் முட்டும். வாய் விட்டம் 65.5-க்குக் குறையாம பார்த்துக்குங்க. ஹெட் பேக்கிங்கோட ஓட்டையும் அதே மாதிரிதான். உள்ள நீட்டிக்கிட்டு இருக்குற பேக்கிங் விளிம்பு பழுத்த கம்பி மாதிரிச் சிவந்து, பிளக் பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவையைக் கொளுத்தும்.

சரிவு: பிஸ்டன் தலையோட சரிவுக்கு இணையா இருக்கலாம், இல்லைன்னா உள்பக்கம் 1 டிகிரி அதிகமாத் திறக்கலாம். உள்பக்கம் இறுக்கமாகவும் வெளிஓரம் அகலமாகவும் இருக்கவே கூடாது, கலவை ஓரத்துல சிக்கிக்கும். நசுங்கின கம்பியோட மூணு அளவும் இதுக்குத்தான் கேட்டேன்.

---

கூடலூர்க்காரன்

கிராங்க் பார்த்தேன், மேல-கீழ ஆட்டம் இல்லை. சின்ன முனை பக்கவாட்டு 1.1. ரன் அவுட் 0.03.

ஒரு சந்தேகம். ஹெட் 0.73 கீழ இறங்கினா ஸ்டட் (நட்டு ஏறுற மரைக்கம்பி) அந்த அளவு மேல நீட்டுமே, நட்டு மூடி போட்ட நட்டு.

---

வண்டிப்பெரியார் 2டி

நல்ல கேள்வி. மூடி நட்டுக்குள்ள ஸ்டட் முனை போய் முட்டினா டார்க் ரெஞ்ச் "டக்"குனு சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. ஒவ்வொரு நட்டையும் ஹெட் இல்லாம ஸ்டட்ல கையால திருகி எத்தனை மிமீ உள்ள போகுதுன்னு அளந்துக்குங்க. பத்தலைன்னா தடிமனான ஸ்டீல் வாஷர் போடுங்க. அலுமினிய வாஷர் வேண்டாம், அமுங்கிப் போகும்.

அப்புறம் தட்டலுக்குக் காரணம் கேப் மட்டும்தான்னு நினைச்சுப் பூட்டிடாதீங்க. பாயிண்ட் (பிளக் பொறி நேரத்தை வைக்கிறது) ரெண்டு செட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி. டயல் கேஜ் பிளக் ஓட்டையில போட்டு ரெண்டையும் தனித்தனியா டாப்புக்கு 2.0 மிமீ முன்னால வைங்க. இடது 2.4-ல இருந்துச்சுன்னா ஹெட்டுல எவ்வளவு வேலை செஞ்சாலும் இடதுதான் மறுபடி அரிக்கும். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்ப்ல இருக்குற பழைய ஜெட்டுக்குக் கலவை மெலிஞ்சு போகும், மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்திப் போட்டு பிளக் நிறத்தைப் பாருங்க.

---

கூடலூர்க்காரன்

லேத்து வேலை முடிஞ்சுது. கடைசி அளவு:

இடது 1.21 / 1.20, கொள்ளளவு 21.4
வலது 1.18 / 1.20, கொள்ளளவு 21.5

வாய் விட்டம் ரெண்டும் 65.6. பாயிண்ட் பார்த்ததுல இடது 2.3-ல இருந்துச்சு, ரெண்டையும் 2.0-க்குக் கொண்டு வந்தாச்சு.

அளந்தது பழைய பேக்கிங் போட்டு. இனி புதுசு போடும்போது அளவு மாறுமா?

---

செங்கோட்டை ரெண்டாங்கியர்

மாறும். அடியில 0.5 தாள் இறுகினா 0.05 வாக்குல அமுங்கும், அதுக்குள்ள முடிஞ்சுடும். அதே 0.5 தாள்தான், ஆனா பழசைத் திரும்பப் போடாதீங்க, ரெண்டு தாளை அடுக்கவும் வேண்டாம். அடியில காத்து வாங்கினா கலவை மெலிஞ்சு பிஸ்டன் பிடிச்சுக்கும்.

பூட்டினதும் எக்ஸாஸ்ட் வாயையும் கார்ப் வாயையும் அடைச்சு 0.4 பார் காத்து ஏத்துங்க, அஞ்சு நிமிஷம் இறங்காம நிக்கணும். சோப்புத் தண்ணியை அடிப் பேக்கிங் ஓரத்துலயும் கிராங்க் சீல் பக்கமும் தடவிப் பாருங்க. முதல் தடவை சூடேறி, முழுக்க ஆறின பிறகு, மறுநாள் காலையில ஹெட் நட்டு எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை டார்க் ரெஞ்சுல சரி பாருங்க. சூட்டோட இறுக்காதீங்க. பிறகு ஒரு துண்டு கம்பியை எல் வடிவமா வளைச்சு பிளக் ஓட்டை வழியா, பின் திசையில பேரல் சுவரைத் தொடுற வரைக்கும் விட்டு ஒரு தடவை அளங்க. 1.10-க்குக் கீழ வந்திருந்தா மட்டும் இங்க எழுதுங்க.